சும்மா நின்ற டாங்கி

பாலத்தின் நடுவில் சின்ன மாமா மறுபடியும் வெடித்துச் சிதறினார். டி.வி. திரையின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. சின்ன மாமா அழிக்கப்பட்டது.

"போச்சு," என்றார் லிஃப்ட்காரர். "எங்க சின்ன மாமாவ முடிச்சாச்சு. இப்பத் திருப்திதானே உனக்கு?"

"ஜீப்ப ஓட்டுனது நீங்க. நான் என்ன பண்ணேன்?" என்றாள் ஊசியக்கா.

பதற வேண்டாம். உண்மையான சின்ன மாமா தன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். செத்தது அவர் பெயரைத் தாங்கிய ஜீப். இந்தப் போர் விளையாட்டில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் நாமே பெயர் வைக்கலாம். மற்றவர்கள் புலி, இடி, மின்னல் என்று வைத்துக்கொள்வார்கள். இந்த வீட்டில் மட்டும் சொந்தக்காரர்கள் பெயர். ஆளுக்குப் பாதிப் படை. அவர் பாதியில் அவர் பக்கத்துச் சொந்தம், அவள் பாதியில் அவள் பக்கத்துச் சொந்தம். கல்யாணமான புதிதில் ஒருவர் குடும்பத்தை இன்னொருவர் மனப்பாடம் செய்வதற்காக வேடிக்கையாகத் தொடங்கிய பழக்கம் இது. சொந்தக்காரர்களைப் போருக்குக் கூட்டிப் போனால் என்ன ஆகும் என்று அப்போது இருவருமே யோசிக்கவில்லை.

அவளுக்குப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. குடியிருப்புப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் ஊசியக்கா. அவர் ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடிக்குத் தினமும் ஏறித்தான் வருவார். அதைச் சொல்லிக் கிண்டல் செய்யாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

பத்து மிஷன்களை ஊதித் தள்ளியவர்களை இந்தப் பதினோராவது மிஷன் மூன்று மாதமாக மண்ணைக் கவ்வ வைத்துக்கொண்டிருந்தது. சொல்லிக் கேட்டால் சுலபமாகத்தான் இருக்கும். காயம்பட்டவர்களை ஏற்றிய லாரிகள் ஆற்றின் இந்தக் கரையில் நிற்கின்றன. பாலத்தைத் தாண்டி அவற்றை அக்கரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அக்கரையில் ஒரு குன்று. குன்றின் மரங்களுக்குள் எதிரியின் பீரங்கிகள் நான்கு. அவை சுடும் வரை எங்கே இருக்கின்றன என்று தெரியாது. சுட்டால்தான் திரையில் புள்ளி தெரியும். தெரிந்த உடனே அடிக்காவிட்டால் இடம் மாறிக்கொள்ளும்.

அதனால் இவர்கள் ஒரு ஜீப்பைப் பாலத்தில் ஓட்டி ஆசை காட்டுவார்கள். ஒரு பீரங்கி சுடும், ஜீப் காலி. சுட்ட பீரங்கியை அவள், தூரத்துக்குக் குண்டு வீசும் மோர்ட்டாரால் அடிப்பாள். இன்னொரு மாமாவின் ஜீப், இன்னொரு பீரங்கி. அத்தோடு ஜீப் தீர்ந்துவிடும், பீரங்கி இரண்டு மிச்சமிருக்கும். அந்த இரண்டும் சேர்ந்து லாரிகளைக் கொளுத்திவிடும். இதற்கு நடுவில் முதுகுப் பக்கம் பாராசூட் வீரர்கள் வேறு இறங்குவார்கள். இவர்களுடைய தலைமையகம் ஒரு பழைய பள்ளிக்கூடம். அது பிடிபட்டால் ஆட்டம் முடிந்தது.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். இன்று ஊசியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இன்று ஆறு மணிக்குள் ஜெயித்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். வேறு ஊரில் புதிதாகத் திறக்கும் கிளைக்கு அவளைப் பொறுப்பாளராகக் கேட்டிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்னொருவர் கையெழுத்துக்கு ரத்தம் எடுத்துக் கொடுத்தவள் அவள். அங்கே போனால் ரிப்போர்ட்டின் அடியில் அவள் கையெழுத்து இருக்கும். செய்தி வந்த அன்று பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவருக்கு வேலை பற்றிய கவலை இல்லை. லிஃப்ட் எல்லா ஊரிலும்தான் நிற்கும். அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: "அம்மா தனியா இருப்பாங்க."

"தனியா இருக்க முடியாதுன்னு அத்தை சொன்னாங்களா?"

"அவங்க சொல்ல மாட்டாங்க. நமக்காத் தெரிய வேணாமா?"

ஒரு வாரம் இதே பேச்சு, செக்குமாடு மாதிரி. வெள்ளிக்கிழமை அலுத்துப்போய் அவர் வாயை விட்டார். "பதினோராவது மிஷன முடிச்சாப் போலாம், போ." குதிரைக் கொம்பு என்று சொல்வதற்குப் பதிலாக அதைச் சொன்னார். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள முடிச்சா நான் சரின்னு எழுதுவேன். முடியலன்னா மாட்டேன்னு எழுதிடறேன். சத்தியமா?" என்றாள். அவரும் சத்தியம் என்றார். வேலையை வைத்து யாராவது பந்தயம் கட்டுவார்களா என்று கேட்டால், வாக்குவாதத்தில் களைத்துப்போன தம்பதிகள் இதைவிட மோசமானதையெல்லாம் கட்டுவார்கள்.

தோற்றால் அவருக்கு லாபம். ஆனால் வேண்டுமென்றே தோற்கத் தெரியாத மனிதர் அவர். மூன்று வயதுக் குழந்தையோடு ஓடிப்பிடித்து விளையாடினாலும் ஜெயித்துவிட்டுத்தான் உட்காருவார். ஊசியக்கா அதை நம்பித்தான் இறங்கினாள்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டு இருவரும் மேசையில் போர்க்களத்தைப் பரப்பினார்கள். ரிமோட் பாலம். தீப்பெட்டி பள்ளிக்கூடம். நான்கு பிஸ்கட்டுகள் நான்கு பீரங்கிகள்.

"டாங்கிய முன்னாடி கொண்டு வாங்க," என்றாள் அவள். "படையிலேயே பெரிய வண்டி. மூணு மாசமா ஸ்கூல் வாசல்ல நிக்குது. ஒரு குண்டு சுட்டதில்ல."

"ஸ்கூல யாரு பாத்துக்கறது? பாராசூட்காரன் வருவான்ல." அவர் யோசனையாக ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். "நீ மட்டும் என்னவாம். மோர்ட்டார நம்ம கரையில இருக்கற ஆலைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்க. அங்கேருந்து சுட்டாக் குன்றோட பாதிக்குத்தான் எட்டுது. ஆத்தங்கரைக்குக் கொண்டு வந்தா உச்சி வரைக்கும் எட்டும்."

"ஆத்தங்கரையில மறைவே இல்ல. அடிச்சுடுவான்."

"அடிக்கட்டும். போர்தானே."

"பீரங்கியத் தின்னுக்கிட்டே எனக்குப் போர் சொல்லித் தராதீங்க."

இரண்டு பேருமே சரியாகத்தான் பேசினார்கள், அடுத்தவர் படையைப் பற்றி. மோர்ட்டார் பிரிவின் பெயர் 'அண்ணன்'. முன்பு ஒரு முறை அந்தப் பிரிவு அழிந்த அன்று மாலை அவளுடைய உண்மையான அண்ணன் மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். அவள் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பாவிட்டாலும் அன்றிலிருந்து மோர்ட்டார் ஆலையை விட்டு வெளியே வந்ததில்லை.

டாங்கியின் பெயர் 'அம்மா'. அதை ஏன் முன்னால் விட மாட்டேன் என்கிறார் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மொத்தத்தில், செத்தவர்கள் எல்லாரும் தூரத்துச் சொந்தம்.

அப்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, பிறகு திறக்கும் வரை பொறுமையில்லாமல் ஒரு மூன்றாவது தட்டு. லிஃப்ட்காரரின் அம்மாதான். இரண்டு தெரு தள்ளித் தனி வீட்டில் இருப்பவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் வைத்த சின்னக் கார் ஒன்று, பயந்து நடுங்கும் மாணவர்கள் பலர், அவர்களை விடப் பெரிய குரல் ஒன்று. இதுதான் அவர் சொத்து. இந்த வீட்டுச் சந்து குறுகலானது. வண்டியைப் பின்னாலேயே எடுத்துத்தான் வெளியே போக வேண்டும். ஊருக்கே ஓட்டச் சொல்லித் தரும் அந்த அம்மாளுக்கு, அவர் கிளம்பும்போதெல்லாம் மகன் மூன்று மாடி இறங்கி ஓடிப் பின்னால் நின்று, வா வா என்று கை காட்டுவார். அந்த அம்மாளும் பொறுத்துக்கொள்வார்.

"ஆறு மணிக்குத்தான் கிளாஸ்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது என்ன, பிஸ்கட்ட வச்சு ஆராய்ச்சி?"

"விளையாட்டு அத்தை. இந்தப் பாலத்தத் தாண்டணும், முடியல," என்றாள் ஊசியக்கா. பந்தயத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வேலை விஷயமே மாமியாருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் மருமகளின் விருப்பத்தைத்தான் முதலில் கேட்பார் என்று மகனுக்குத் தெரியும், அதனால் அவர் சொல்ல விடவில்லை.

அம்மாள் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார். "எல்லாரும் முன்னாடி அடி வாங்கிச் சாகறாங்க. அந்தப் பெரிய வண்டி மட்டும் ஏன்டா சும்மா நிக்குது?"

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். "அது நீதாம்மா."

"நானா?" அம்மாள் எழுந்து திரைக்குக் கிட்டப் போய் டாங்கியின் தலைக்கு மேலிருந்த பச்சை எழுத்தைப் படித்தார். திரும்பி மகனைப் பார்த்தார். "நான் ஏன்டா சும்மா நிக்கறேன்?"

கேள்வியில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். மகன் மேசையிலிருந்த தீப்பெட்டியைச் சுட்டிக்காட்டினார். "ஸ்கூல... பாத்துக்க," என்றார்.

ஊசியக்காவுக்குள் ஏதோ விறுவிறுவென்று ஓடத் தொடங்கியது. "ஏங்க, இருங்க. டாங்கி பாலத்துக்குப் போகுதுன்னு வச்சுக்குவோம். ஒரு பீரங்கி சுட்டாச் சாகுமா?"

"சாகாது. முன்பக்கக் கவசம் நல்ல தடிமன்."

"அப்ப ரெண்டாவதும் சுடும்."

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "மூணாவதும் சுடும்."

"நாலும் சுட்டா?"

"நாலும் ஒரே நேரத்துல தெரியும்." அவர் குரல் ஏறியது. "நம்ம இத்தன நாளா ஒவ்வொண்ணாத் தேடிக்கிட்டு இருந்தோம். ஆனா ஸ்கூல்?"

"பாராசூட்ல வர்றவன் கையில வெறும் துப்பாக்கி. ஜீப்ல மெஷின் கன் இருக்கு. ரெண்டு மாமாவையும் ஸ்கூலுக்கு அனுப்புங்க. கொசு அடிக்க டாங்கிய வச்சுக்கிட்டு, பீரங்கிய அடிக்க ஜீப்ப அனுப்பிக்கிட்டு இருந்திருக்கோம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்று மாதமாகத் தங்களை ஆட்டி வைத்தது எதிரி இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"சரி. டாங்கி வரும்," என்றார் அவர், மெல்ல. "மோர்ட்டார்?"

அவள் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். "வரும்."

ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினார்கள். டாங்கி பள்ளிக்கூட வாசலை விட்டுக் கிளம்பியபோது அவர் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஊசியக்கா அதைப் பார்த்தாள். டாங்கி ஜெயித்தால் பந்தயத்தில் தனக்குத் தோல்வி என்று தெரிந்துதான் அவர் ஓட்டுகிறார் என்ற நினைப்பு வந்ததும், அவர் மேல் ஒரு வாரமாக இருந்த கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. பாலத்தின் நடுவில் முதல் குண்டு டாங்கியின் நெற்றியில் பட்டுத் தெறித்தது. ஒரு புள்ளி தெரிந்தது. இரண்டாவது, மூன்றாவது, அந்தா நான்காவது. மூன்று மாதத்தில் முதல் முறையாக நான்கு புள்ளிகளும் ஒன்றாக மினுங்கின.

"தெரியுது, தெரியுது," என்று கத்திக்கொண்டே அவள் மோர்ட்டாரைக் குறி பார்த்தாள். அவரோ, டாங்கியின் உயிர் பாதியாகக் குறைந்ததைப் பார்த்துப் பயந்துபோய் அதைத் திருப்பி ஓடப் பார்த்தார். திரும்பிய நொடியில் குண்டு முதுகில் பாய்ந்தது. அம்மா அழிக்கப்பட்டது என்று சிவப்பு எழுத்து வந்தது.

லிஃப்ட்காரரின் முகம் வெளுத்துவிட்டது.

"செத்துட்டேனா?" என்றார் அம்மாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "எல்லாம் உன் ஓட்டற லட்சணம். எதுக்குடா திருப்பின?"

"பின்னாடி வரணும்லம்மா."

"பின்னாடி வர்றதுக்குத்தானே ரிவர்ஸ் இருக்கு. முகம் அங்கேயே இருக்கட்டும், அப்படியே பின்னாடி எடு. கிளாசுக்கு வர்ற பசங்களே இதத்தான் பண்ணும். பயந்தா உடனே ஸ்டியரிங்கத் திருப்பும்."

முன்பக்கம் தடிமன், முதுகு மெல்லிசு. கையேட்டில் முதல் பக்கத்திலேயே போட்டிருந்த விஷயம்தான். பயந்துபோனவருக்கு அது எங்கே நினைவு வரும். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் நேரம் இருந்தது.

"திரும்ப ஆரம்பிங்க," என்றாள். குரல் அவளுக்கே கீச்சென்று கேட்டது.

இந்த முறை மாமாக்கள் இருவரும் ஆரம்பத்திலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய் இரண்டு மூலையிலும் நின்றார்கள். அண்ணன் மறுபடி ஆலையை விட்டு வெளியே வந்தான். திறந்த ஆற்றங்கரை மணலில் அந்தச் சின்ன மோர்ட்டார் தனியாக நின்றது. டாங்கி பாலத்தில் ஏறியது.

முதல் குண்டு. இரண்டாவது. "பின்னாடி எடு," என்றார் அம்மாள். டாங்கி முகத்தைத் திருப்பாமல் பின்னால் வந்தது. மூன்றாவது குண்டு எதிரே வெறும் பாலத்தில் விழுந்தது. "இப்ப முன்னாடி. மெதுவா. ஆங், பின்னாடி." அம்மாளின் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. நான்காவது பீரங்கிக்குப் பொறுக்க முடியவில்லை. சுட்டது, தெரிந்தது.

ஊசியக்கா அடித்தாள். உச்சியில் ஒன்று புகைந்து விழுந்தது. "ஒண்ணு." ஆலையிலிருந்து எட்டவே எட்டாத இடம் அது. "ரெண்டு." பின்னால் வானத்தில் பாராசூட்டுகள் பூத்தன, இறங்கிக்கொண்டிருக்கும்போதே மாமாக்கள் இருவரும் சடசடவென்று அவர்களை ஒரு வழி பண்ணினார்கள். தினம் பாலத்தில் செத்த மாமாக்கள் இவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று யாருக்குத் தெரியும். "மூணு," என்று அவள் கத்தினாள். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.

அதே நொடி மிச்சமிருந்த நான்காவது பீரங்கி மணலைப் பார்த்துத் திரும்பியது. அண்ணன் அழிக்கப்பட்டது.

அவள் கையிலிருந்து கன்ட்ரோலர் நழுவியது. அடிக்க இனி மோர்ட்டார் இல்லை. டாங்கியின் உயிர் கீற்றாக இருந்தது. ஒரு பக்கத்துச் சக்கரச் சங்கிலி அறுந்து தொங்கியது. பின்னால் எடுத்தால் டாங்கி பிழைக்கும், ஆட்டம் தோற்கும். பந்தயத்தில் அவர் ஜெயித்ததாக ஆகிவிடும், யாரும் குற்றம் சொல்லவும் முடியாது.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி போறேன்," என்றார்.

டாங்கி ஒற்றைச் சங்கிலியில் நொண்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டியது. பீரங்கி அதன் பக்கம் குழலைத் திருப்பிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக ஒரு குண்டும் சுடாத டாங்கி சுட்டது. குன்றின் மேல் மரங்களோடு சேர்த்து நான்காவது புள்ளியும் அணைந்தது.

லாரிகள் ஒவ்வொன்றாகப் பாலத்தில் ஏறிக் குலுங்கிக்கொண்டு அக்கரை சேர்ந்தன. கடைசி லாரி போய்ச் சேர்ந்ததும் திரை முழுக்க வாண வேடிக்கை. மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். கீழ்வீட்டுக்காரர் இடிப்பதை விட்டுவிட்டு மேலே வந்து கேட்டுவிட்டே போனார், யாருக்காவது குழந்தை பிறந்திருக்கிறதா என்று.

ஊசியக்கா போனைக் கையில் எடுத்தாள். முதலில் அண்ணனுக்கு ஒரு வரி அனுப்பினாள்: எங்கே இருக்கிறாய்? உடனே பதில் வந்தது: தூங்குகிறேன், ஆளை விடு. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு புதுக் கிளை வேலை பற்றிய செய்தியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்டாள். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் விரல் நகர மறுத்தது.

"என்ன ரெண்டு பேரும் ஊமையாயிட்டீங்க?" என்றார் அம்மாள்.

லிஃப்ட்காரர் சொன்னார். வேலை, ஊர், பந்தயம், எல்லாவற்றையும். அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். அது அவர் வழக்கமே இல்லை.

"என்னச் சாக்கா வச்சு ஒரு வாரமா அந்தப் பொண்ண அழ விட்டியா?" என்றார் கடைசியில். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?"

"நீ தனியா..."

அம்மாள் திரையைக் காட்டினார். அக்கரையில் டாங்கி புகைந்துகொண்டு நின்றது. தலைக்கு மேல் பச்சை எழுத்து அப்படியே இருந்தது. "அத அங்க கொண்டு போனது நீதானே. அப்புறம் என்ன?"

அவர் கன்ட்ரோலரை மேசையில் வைத்தார். "பயம் எனக்குத்தாம்மா," என்றார். "உனக்கு இல்ல. எனக்குத்தான்."

"அது எனக்குத் தெரியும்டா," என்றார் அம்மாள். மகனின் தலையைக் கலைத்துவிட்டுச் சாவியை எடுத்தார். "கிளாசுக்கு நேரமாச்சு. லீவு கிடைக்கறப்ப நான் அங்க வருவேன். அங்க சந்து கொஞ்சம் அகலமா இருக்கற வீடாப் பாரும்மா."

படிகளில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் வழக்கம்போல எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தார். அப்படியே நின்றார். பிறகு காலை வெளியே எடுத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"அனுப்பிடு," என்றார், திரும்பிப் பார்க்காமல். "ஆறு ஆகப்போகுது."

அவள் அனுப்பினாள். அனுப்பியதும் ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே அந்தச் சின்னக் கார் முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்னால் நகர்ந்தது. அவருடைய இன்னொரு கை ஜன்னல் கம்பிக்குள் தன்னால் எழுந்து வா வா என்று ஆடியது. கார் எந்தச் சுவரையும் உரசாமல் சந்தைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று.